இரண்டு சபைகள்

வாத்தியாரையா என்று நான் அழைக்கும் நண்பர் ஒருவர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை வீட்டில் பார்க்க முடியாது. மற்ற நாட்களில் சபைக் கணக்கைப் புரட்டிக்கொண்டு திண்ணையில் இருப்பார். அவர் ஒரு நாள் எனக்குக் கடிதம் எழுதினார். "சார், ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குப் புத்தி ஓடவில்லை. ஒரு தரம் வந்துவிட்டுப் போங்கள்."

நான் கதை எழுதுகிறவன்; வழக்குத் தீர்க்கிறவன் அல்லன். போதாக்குறைக்குக் கிறிஸ்தவனும் அல்லன். ஆனாலும் காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஏரியும் வயலும். சுமார் ஒரு மணி நேரத்தில் உத்திரமேரூர் வந்துவிட்டது. வாத்தியாரையா பஸ் நிலையத்தில் குடையோடு நின்றிருந்தார். வீட்டுக்குப் போகவில்லை. நேரே வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டார்.

"என்ன ஐயா, சபை வழக்கு என்று எழுதிவிட்டுப் பெருமாள் கோயிலுக்கு அழைத்து வருகிறீர்களே?" என்றேன்.

"இதுவும் சபைதான், சார்" என்றார் அவர் சிரித்துக்கொண்டு. "ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய சபை."

சொல்லில் தவறில்லை. உத்தரமேரு சதுர்வேதிமங்கலத்து மகாசபை கூடிய இடம் அது. அதன் சுவர்களில்தான் முதற் பராந்தக சோழன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மற்றொன்று 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முதலில் எழுதிய விதிகள் போதவில்லை என்று கண்டு இரண்டே வருஷத்தில் திருத்தி எழுதியிருக்கிறார்கள். நம் காலத்துச் சட்டசபைகள் செய்கிற காரியம்தான்.

குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறு பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஓலையை வாங்குகிறவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை மறைந்திருக்கக் கூடாதல்லவா? சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று இப்படி வந்தவர்கள் முந்நூற்றறுபது நாள் வேலை பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டும்.

எல்லோரும் புகழ்கிற இந்தச் சபை எல்லோருக்குமான சபை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அது பிரமதேயம். கால் வேலிக்கு மேல் வரி கொடுக்கும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவனுடைய பெயர் குடத்துக்குள் போகவில்லை. எந்தப் பெண்ணின் பெயரும் போகவில்லை.

வாத்தியாரையா என்னை அங்கே நிறுத்தியது இதற்காக அல்ல. யார் யார் பெயரை எழுதக் கூடாது என்று அந்தக் கல்லில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. அதைத்தான் அவர் எனக்கு விளக்கிச் சொன்னார். வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை எழுதக் கூடாது. அவனோடு போயிற்றா? அவன் சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மகன், மாமன், தகப்பனுடன் பிறந்தவன், மைத்துனன், மருமகன், மகன், தகப்பன் என்று உறவு முறையெல்லாம் சொல்லி அவர்களையும் விலக்கியிருக்கிறது. பிறர் பொருளைத் திருடியவன், பொய்ப் பத்திரம் எழுதியவன், கழுதை மேல் ஏற்றப்பட்டவன், இவர்களும் ஆகாது.

"இதெல்லாம் சரி, சார். இதற்கு மேலே ஒன்று இருக்கிறது. அதைக் கேளுங்கள்" என்றார். தகாத உணவை உண்டவனும், தகாத உறவு கொண்டவனும் சாஸ்திரப்படி பிராயச்சித்தம் செய்து சுத்தனாகி விட்டாலும், உயிருள்ளவரை அவன் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது என்கிறது கல். சுத்தனாகி விட்டான் என்று சபையே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் பெயர் இல்லை.

"பாவம் போய்விட்டது, பெயர் வரவில்லை. இது நியாயமா, சார்?" என்று கேட்டுவிட்டுக் குடையைத் தூணில் சாய்த்து வைத்து உட்கார்ந்தார். அவருடைய வழக்கு அப்புறம்தான் வெளியே வந்தது.

அவருடைய சபையில் ஒருவர் பொருளாளராக இருந்தார். சில வருஷங்களுக்கு முன்பு அறுப்பின் பண்டிகையில் வந்த பணத்தில் ஒரு பகுதியைத் தம் மகள் கல்யாணத்துக்கு எடுத்துச் செலவழித்துவிட்டார். அறுப்பின் பண்டிகை தெரியுமோ? விளைந்ததில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். நெல், பூசணிக்காய், வாழைத்தார், கோழி, ஆடு எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். அந்தப் பணம்தான் குறைந்தது. ஊர் முழுக்கத் தெரிந்து போயிற்று. மனிதர் இரண்டு வருஷம் பாடுபட்டுப் பணத்தைத் திருப்பிக் கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவில் எழுந்து நின்று எல்லார் முன்னிலையிலும் குற்றத்தைச் சொல்லி அழுதார். சபையார் மன்னித்தார்கள். இப்போது புதிய கமிட்டிக்குத் தேர்தல் வருகிறது. ஒரு சாரார் அவர் பெயரை மறுபடி பொருளாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெயரை ஏற்பதா, தள்ளுவதா என்பது வாத்தியாரையா முதலிய மூவர் கையில் இருக்கிறது.

"பெயரைத் தள்ளினால், நாங்கள் மன்னித்தோம் என்று சொன்னது பொய்யா என்று கேட்கிறார்கள். சபை என்பதே மன்னிப்புப் பெற்றவர்களின் கூட்டம்தானே என்கிறார்கள். ஏற்றுக்கொண்டாலோ, நாளைக்குக் கோழி கொண்டு வருகிற கிழவி என்னை எப்படிப் பார்ப்பாள்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. கதைக்காரனுக்கு உள்ள ஒரே சௌகரியம், பதில் தெரியாதபோது பழைய கதை சொல்லலாம் என்பதுதான். இந்தக் கேள்வி உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இன்று முளைத்ததல்ல. கிறிஸ்தவ சபை பிறந்த அன்றே உடன் பிறந்தது.

'சபை' என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் எந்தச் சொல்லுக்கு ஈடாகச் சொல்கிறார்களோ, அந்தக் கிரேக்கச் சொல் 'எக்லேசியா'. ஏதென்ஸ் நகரத்துக் குடிமக்கள் கூடி வழக்குப் பேசிய மன்றத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். அங்கேயும் பதவிகளைப் பெரும்பாலும் சீட்டுப் போட்டுத்தான் கொடுத்தார்கள். அங்கேயும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூராருக்கும் இடமில்லை. ஆகப் பெருமாள் கோயில் மண்டபத்துக்கும் மாதா கோயிலுக்கும் ஒரே சொல் வந்து சேர்ந்தது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பொதுக் காரியத்துக்காக மனிதர்கள் கூடும் இடம் இரண்டும்.

அது மட்டுமா? கிறிஸ்தவ சபை செய்த முதல் காரியமே சீட்டுப் போட்டதுதான். யூதாஸ் இறந்து அவன் இடம் காலியாயிற்று. சுமார் நூற்றிருபது பேர் கூடியிருந்தார்கள். யோசேப்பு, மத்தியா என்று இரண்டு பெயர்களை நிறுத்திச் சீட்டுப் போட்டார்கள். மத்தியாவின் பெயர் வந்தது. புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலருடைய நடபடிகளின் முதல் அதிகாரத்திலேயே இந்தக் குடவோலை இருக்கிறது. அந்தக் கூட்டத்தை எழுந்து நின்று நடத்தியவர் யார் தெரியுமா? பேதுரு. தம் குருவைத் தெரியவே தெரியாதென்று ஒரே இரவில் மூன்று தரம் சொன்னவர். உத்திரமேரூர்க் கல்லின்படி பார்த்தால் அவர் பெயரை எழுதியிருக்கவே முடியாது. கிறிஸ்தவர்களோ அவர் கையில்தான் சாவியைக் கொடுத்தார்கள்.

இதைச் சொன்னதும் வாத்தியாரையாவின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறீர்கள்?"

"அவசரப்படாதீர்கள், ஐயா. கதை முடியவில்லை" என்றேன்.

கி.பி. 250-இல் ரோமச் சக்கரவர்த்தி டேசியஸ் எல்லோரும் தேவதைகளுக்குப் பலியிட்டு அதற்கு ஒரு சான்றுச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டான். உயிருக்குப் பயந்த கிறிஸ்தவர்கள் பலர் பலியிட்டார்கள். வேறு சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கினார்கள். புயல் ஓய்ந்ததும் அவர்களெல்லாம் சபையின் வாசலில் வந்து நின்றார்கள். ரோமாபுரியில் நொவாசியன் என்பவர், விழுந்தவர்களைச் சேர்க்கவே கூடாது என்று தனிச் சபை கண்டார். ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியான் நடு வழி ஒன்றைக் கண்டார். மனம் திரும்பித் தவம் செய்தவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் ஸ்பெயின் தேசத்தில் அப்படிச் சீட்டு வாங்கிய பசிலிதஸ், மார்சியாலிஸ் என்ற இரண்டு ஆயர்கள் திரும்பவும் ஆயர் பதவி வேண்டுமென்றபோது, கூடாது என்று 254-ஆம் வருஷ வாக்கில் தீர்த்துச் சொன்னார். சபைக்குள் வரலாம், சாதாரண விசுவாசியாக உட்காரலாம், பதவிக்கு வர முடியாது. நாலு வருஷத்துக்குப் பின் சிப்ரியான் தம் விசுவாசத்துக்காகத் தலையைக் கொடுத்தார். கல்நெஞ்சக்காரர் சொன்ன தீர்ப்பு என்று அதைத் தள்ள முடியாது.

பார்த்தீர்களா? பேதுருவுக்கு ஒரு நியாயம், பசிலிதஸுக்கு வேறு நியாயம். சிப்ரியான் சொன்னதும் உத்திரமேரூர்ச் சபையார் அறுநூற்றறுபது வருஷம் கழித்துச் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன.

அதே கார்த்தேஜில் இன்னொரு சண்டை. 303-இல் தொடங்கிய துன்புறுத்தலில் வேத புத்தகங்களை அதிகாரிகள் கையில் கொடுத்துவிட்டவர்கள் இருந்தார்கள். அப்படிக் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் கை வைத்து ஆயராக்கிய செசிலியானை நாங்கள் ஒப்பமாட்டோம் என்று ஒரு கட்சி புறப்பட்டது. தொனாத்துஸ் என்பவர் அதற்குத் தலைவரானார். களங்கமில்லாதவர்களின் கூட்டமே சபை என்றார்கள் அவர்கள். 314-இல் ஆர்ல் நகரத்தில் கூடிய ஆயர்கள் அவர்களுக்கு எதிராகத் தீர்த்தார்கள். நூறு வருஷம் கழித்துப் புனித அகுஸ்தீனும் அவர்களோடு வாதாட வேண்டியிருந்தது. பதரும் நெல்லும் சேர்ந்து கிடக்கிற களம் சபை. தூற்றுவது அறுவடைக்கு உடையவன் வேலை என்பது அவர் கட்சி.

இதற்குள் வெயில் ஏறிவிட்டது. நாங்கள் எழுந்து ஒரு ஓட்டலில் காபி சாப்பிட்டோம். அங்கேதான் வாத்தியாரையா மெல்லக் கேட்டார்: "ஆப்பிரிக்காவும் ரோமாபுரியும் இருக்கட்டும். நம் நாட்டில் என்ன செய்தார்கள்?"

நம் நாட்டில் நடந்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தரான நீலகண்ட பிள்ளை 1745-இல் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் பிள்ளை ஆனார். எளிய சாதியாரோடு கலந்து பழகியவர் அவர். 1752-இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் வருஷம் மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அப்படிப்பட்டவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் 1872-இல் ஒரு புதிய கோயில் எழுந்தது. பீடம் ஒன்று, கூடம் இரண்டு. காற்சட்டைக்கு இரண்டு கால் போல இரண்டு கூடங்கள் பீடத்தில் வந்து சேரும். ஒன்றில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள். மற்றொன்றில் நாடார் முதலிய மற்றவர்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே பூசை காணலாம்.

தமிழ் இலக்கணத்தில் ஒரு நுட்பம் உண்டு. 'நாம்' என்றால் கேட்கிறவனும் அதில் சேர்த்தி. 'நாங்கள்' என்றால் கேட்கிறவன் சேர்த்தி இல்லை. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் 'எங்கள்' என்றுதான் வரும். கடன் பட்டவர்கள் நாங்கள். கடவுள் அந்தக் கடனாளிக் கூட்டத்தில் இல்லை. மிகவும் சரியான தமிழ்தான். ஆனால் வடக்கன்குளத்தில் ஒரு கூடத்தார் 'எங்கள்' என்று சொன்னபோது, அதில் கடவுளோடு பக்கத்துக் கூடத்தாரும் சேராமல் போனார்கள். ஒரே ஜெபம், ஒரே மொழி, ஒரே வேளை; ஆனால் இரண்டு 'எங்கள்'. ஒருவருக்கு ஒருவர் செய்த குற்றத்தை அங்கே யார் யாருக்கு மன்னிப்பது?

1910-இல் சேசு சபையைச் சேர்ந்த கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டார். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தனியாக உட்காரும் உரிமை எங்களுக்கு வழிவழியாக உண்டு என்பது அவர்கள் வாதம். சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்த அந்த வாதம் நிலைக்கவில்லை. சுவர் போயிற்று. மனச்சுவர் எத்தனை வருஷம் நின்றது என்று எந்த நீதிமன்றமும் அளக்க முடியாது. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமாபுரிக்குப் போனபோது, சாதிப் பாகுபாட்டைச் சபையிலிருந்து ஒழிக்க வேண்டும் என்று போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அடிகளார் சுவரை எடுத்துத் தொண்ணூற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது.

வாத்தியாரையா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கள் தாத்தா பின்பக்கத்துப் பாயில் உட்கார்ந்தவர், சார்" என்றார். அவ்வளவுதான். எந்த ஊரில், எந்தக் கோயிலில் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: "பின்னால் உட்கார வைத்தவர்கள் யாரும் தாத்தாவிடம் வந்து மன்னிப்புக் கேட்டதில்லை. ஆனால் எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்று பிரசங்கம் மட்டும் வாரா வாரம் கேட்டார் அவர்."

அந்தப் பேச்சில்தான் எனக்கு வழக்கின் நுனி கிடைத்தது. மன்னிப்பு நல்லதா கெட்டதா என்பதற்கு முன்னால், மன்னிக்கிறவன் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நஷ்டப்பட்டவன் மன்னிக்கலாம். அவன் சார்பில் மற்றவர்கள் தாராளமாக மன்னித்துவிட்டு, அவனையும் சும்மா இருக்கச் சொன்னால் அது மன்னிப்பாகுமா?

மன்னிக்க முழு உரிமை உள்ள ஒருவர் மன்னித்ததை நம் காலத்திலேயே பார்த்தோம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஒரிசாவில் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்தவர் கிரகாம் ஸ்டெயின்ஸ். 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில் இரவு ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்த அவரையும், பத்து வயது பிலிப், ஆறு வயது திமோத்தி என்ற இரண்டு பிள்ளைகளையும் ஒரு கும்பல் உயிரோடு கொளுத்தியது. மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கப்பல் ஏறிவிடவில்லை. மகளோடு பாரிபதாவிலேயே இன்னும் சில வருஷம் இருந்து அதே நோயாளிகளுக்கு ஊழியம் செய்தார். அதே சமயம் வழக்கு வழக்காக நடந்தது. முக்கியக் குற்றவாளிக்கு 2003-இல் விதித்த மரண தண்டனையை 2005-இல் உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது; 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தம் மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் அந்த அம்மாள் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. மனசிலுள்ள வெறுப்பை இறக்கி வைத்தார். சட்டத்தின் கையைப் பிடித்து நிறுத்தவில்லை.

"ஆகவே?" என்றார் வாத்தியாரையா.

"ஆகவே நீங்கள் அந்தக் கோழிக் கிழவியைப் போய்க் கேளுங்கள்" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கேட்டாராம். பல மாதம் கழித்துக் காஞ்சிபுரத்தில் பார்த்தபோது சொன்னார். கிழவி சொன்னாளாம்: "அந்தப் பிள்ளை மேலே எனக்கு ஒன்றும் இல்லை, வாத்தியாரே. எங்கள் வீட்டுக்கு வந்தால் சோறு போடுவேன். பெட்டிச் சாவியை மட்டும் வேறு யாரிடமாவது கொடுங்கள்." மூவரும் கூடிப் பெயரை எழுத வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். வாத்தியாரையா தாமே அந்த மனிதர் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"கல்வெட்டுக்காரர்கள் செய்ததைத்தான் செய்தோம். ஒன்றை மட்டும் மாற்றினோம். உயிருள்ளவரை என்று எழுதவில்லை. அவர் மகன், மைத்துனன் யாரையும் விலக்கவில்லை" என்றார்.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகையில் அந்த மனிதர் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரமாக நின்றிருந்தாராம். ஏலம் தொடங்கியது. ஒரு பெரிய பூசணிக்காய். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அதைத் தூக்கிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். வாத்தியாரையா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கூட்டத்தில் ஒரு கணம் பேச்சு நின்றது. அவர் முன்னால் வந்து பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். ஏலம் முடியும்வரை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டியது அவர்தான். பணத்தை வேறொருவர் எண்ணி வாங்கினார்.

இது முழு மன்னிப்பா, முக்கால் மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. சிப்ரியான் ஒப்புக்கொள்வார் என்று தோன்றுகிறது. பேதுருவின் கையில் சாவியைக் கொடுத்தவர் என்ன சொல்வாரோ! வாத்தியாரையாவிடமே கேட்டேன்.

"அதுதான், சார், எனக்கும் ராத்திரியில் தூக்கம் வருவதில்லை" என்றார்.